குண்டு விழவில்லை, காவலும் வரவில்லை: பாக்தாத் அருங்காட்சியகச் சூறை, ஏப்ரல் 2003

பாக்தாத் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டதைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் ஓர் எண்ணைத் தூர வைத்துவிட வேண்டும். அமெரிக்கா தலைமையிலான படையெடுப்பில் பாக்தாத் வீழ்ந்த 2003 ஏப்ரல் நடுவில் உலகெங்கும் செய்தித்தாள்கள் 1,70,000 தொல்பொருள்கள் களவு போயின என்று எழுதின. அது களவின் கணக்கே அன்று. அருங்காட்சியகப் பதிவேடுகளில் இருந்த மொத்த இருப்பைத் தோராயமாகச் சொல்லும் எண். காலியாகக் கிடந்த கண்ணாடிப் பெட்டிகளின் முன் நின்று எழுதப்பட்ட செய்திகளில் இருப்பும் இழப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்த எண் பொய்த்ததும் பேச்சு அடியோடு மாறியது. காட்சிக்கூடங்களிலிருந்து போனவை முப்பது நாற்பதுதான், இதற்கா இவ்வளவு கூப்பாடு என்று அதே கோடையில் எழுதியவர்களும் உண்டு. பின்னர் அறை அறையாக நடந்த கணக்கெடுப்பில் தெரியவந்த இழப்பு ஏறத்தாழ 15,000 பொருள்கள். முதலில் ஊதிச் சொன்னதும் பிறகு சுருக்கிச் சொன்னதும் சேர்ந்து, இந்த எண்ணை இன்றுவரை பலர் காதில் விழாமலே செய்துவிட்டன.

எனவே இந்த ஆய்வு எண்களின் சண்டைக்குள் நெடுநேரம் நிற்கப்போவதில்லை. முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட, வரைபடத்தில் குறிக்கப்பட்ட, காவல் வேண்டிய இடங்களின் பட்டியலில் இரண்டாவதாக எழுதப்பட்ட ஒரு கட்டடத்துக்கு, நகரம் வீழ்ந்து ஒரு வாரம் ஆகும்வரை ஏன் காவல் வரவில்லை என்பதே இங்குக் கேட்கப்படும் கேள்வி.

தெரிந்தே இருந்தது

இராக்கின் தேசிய அருங்காட்சியகம் 1920களில் கெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1966இல் திறக்கப்பட்டது. உருக், உர், லகாஷ், நிம்ரூத் எனப் பண்டைய இராக்கான மெசபடோமியாவின் நகரங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரும்பொருள்கள் பல அங்கே இருந்தன. சிந்துவெளியோடு கடல்வழி வணிகம் செய்த மண் அது. உர் நகர அகழாய்வில் சிந்துவெளிப் பாணி முத்திரைகள் கிடைத்ததை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள்.

போர் வந்தால் இந்த நாட்டின் தொல்பொருள்களுக்கு என்ன நேரும் என்பதற்கு 2003இல் கற்பனை தேவைப்படவில்லை. 1991 வளைகுடாப் போரின் முடிவில் தெற்கிலும் வடக்கிலும் கிளர்ச்சி மூண்டபோது மாகாண அருங்காட்சியகங்கள் ஒன்பது சூறையாடப்பட்டன. ஆயிரக்கணக்கான பொருள்கள் மறைந்தன. திரும்பி வந்தவை மிகச் சில. அதன்பின் பொருளாதாரத் தடை நீடித்த ஆண்டுகளில், சம்பளம் செல்லாக்காசாகிப்போன நாட்டில், பழைய நகரங்கள் புதைந்துகிடக்கும் மண்மேடுகளைத் தோண்டி விற்பது ஒரு பிழைப்பாகவே வேர்விட்டது. வாங்குவதற்கு லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆள் இருந்தார்கள்.

இந்த வரலாறு தெரிந்த அறிஞர்கள் வாய்மூடி இருக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மெசபடோமியத் தொல்லியல் அறிஞர் மெக்குவயர் கிப்சன் உள்ளிட்டோர் 2003 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனின் அதிகாரிகளைச் சந்தித்தனர். காக்கப்பட வேண்டிய தொல்லியல் இடங்களின் பட்டியலை, இருப்பிடக் குறிப்புகளோடு, கொடுத்தனர். பாக்தாத் அருங்காட்சியகம் அதில் தலையாயது. குண்டுவீச்சைவிடச் சூறையே பெரிய ஆபத்து என்பதும் எடுத்துச் சொல்லப்பட்டது.

அந்தச் சந்திப்பு வீண்போனது என்று சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதில் பாதி வேலை செய்தது. கொடுக்கப்பட்ட இருப்பிடக் குறிப்புகள், குண்டு வீசக்கூடாத இடங்களின் பட்டியலில் ஒழுங்காக ஏறின. அந்தப் பட்டியலைப் பராமரிக்க அதிகாரிகள் இருந்தார்கள். இலக்கைத் தேர்ந்தெடுப்பவர் அதைச் சரிபார்த்தாக வேண்டும் என்ற நடைமுறையும் இருந்தது. ஆகவே அருங்காட்சியகத்தின் மீது வானிலிருந்து குண்டு விழவில்லை. ஆனால் ஒரு கட்டடத்தைத் தாக்காமல் விடுவதும் அதன் வாசலில் காவல் நிற்பதும் வேறுவேறு வேலைகள். முதலாவதற்கு ஒரு பட்டியல் போதும். இரண்டாவதற்கு இன்ன நாளில், இன்ன பிரிவிலிருந்து, இத்தனை பேர் என்று எழுதிய கட்டளை வேண்டும். அந்தக் கட்டளையை எழுதும் பொறுப்பு எந்த மேசையிலும் இல்லை. இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

போர் தொடங்கி ஒரு வாரத்தில், மார்ச் 26ஆம் தேதி, போருக்குப் பிந்தைய நிர்வாகத்துக்காக ஓய்வுபெற்ற ஜெனரல் ஜே கார்னர் தலைமையில் அமைக்கப்பட்ட அலுவலகம் தரைப்படைத் தலைமைக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. பாக்தாத்தில் உடனே பாதுகாக்க வேண்டிய 16 இடங்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன என்று செய்தித்தாள்கள் பின்னர் வெளியிட்டன. முதலிடம் மத்திய வங்கி. இரண்டாமிடம் தேசிய அருங்காட்சியகம். கடைசி, பதினாறாம் இடம், எண்ணெய் அமைச்சகம். நடந்தது என்னவென்றால் மத்திய வங்கி சூறையாடப்பட்டது, அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது, எண்ணெய் அமைச்சகத்தின் முன் டாங்கிகள் நின்றன. பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார்களோ என்று பாக்தாத்வாசி ஒருவர் கேட்டால் அதில் தவறு காண முடியாது. படித்தார்களா என்பதே ஐயம். அந்த அலுவலகம் அப்போது குவைத்தில் உட்கார்ந்திருந்தது, களத்தில் இருந்த எந்தப் பிரிவுக்கும் கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இல்லை.

ஏப்ரல் 8 முதல் 16 வரை

ஏப்ரல் 8ஆம் தேதி காலையில் அருங்காட்சியக வளாகத்தில் ஒரு சிலரே இருந்தனர். தொல்பொருள் வாரியத் தலைவர் ஜாபர் கலீல் இப்ராகிமும் ஆய்வுப் பிரிவின் இயக்குநர் டோனி ஜார்ஜ் யூகன்னாவும் அவர்களில் அடக்கம். இரவு பகலாக அங்கேயே தங்கிக் காப்பது அவர்கள் திட்டம். ஆனால் ஆயுதமேந்திய இராக்கியப் போராளிகள் வளாகத்துக்குள் இறங்கி, அங்கிருந்தே சுடத் தொடங்கினார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் சிறப்புக் குடியரசுக் காவல்படையின் வளாகம். அருங்காட்சியகத் தோட்டத்தில் முன்பே பதுங்குகுழிகளும் சுடுநிலைகளும் அமைக்கப்பட்டிருந்தன. நண்பகல் வாக்கில் அதிகாரிகள் கதவுகளைப் பூட்டிவிட்டு ஆற்றின் மறுகரைக்குச் சென்றார்கள். சில மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தார்கள். பாலங்களில் சண்டை நடந்ததால் அன்று திரும்ப முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை.

ஏப்ரல் 9இல் ஃபிர்தௌஸ் சதுக்கத்தில் இராக் அதிபர் சதாம் உசேனின் சிலை சாய்ந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. அருங்காட்சியகத்தின் அருகே அப்போதும் துப்பாக்கிச் சண்டை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அப்பகுதியில் போரிட்ட அமெரிக்க டாங்கிப் பிரிவு, குழந்தைகள் அருங்காட்சியகத்தின் வாயில் வளைவிலிருந்து தன்மீது ராக்கெட் எறிகுண்டு பாய்ந்தபோது பதிலுக்கு ஒரு குண்டு சுட்டது. வளைவின் முகப்பில் அது போட்ட ஓட்டை பிறகு வெளியான புகைப்படங்களில் எல்லாம் இடம்பெற்றது. சூறையின் சான்று என்று பலரும் அந்த ஓட்டையைக் காட்டினார்கள்; உண்மையில் அது சண்டையின் சான்று.

ஏப்ரல் 10 முதல் 12 வரை கூட்டம் உள்ளே புகுந்தது. இடையில் ஊழியர்கள் அருகிலிருந்த படையினரிடம் சென்று காவலுக்குக் கெஞ்சியதாகவும், தமக்குக் கட்டளை இல்லை என்று பதில் வந்ததாகவும் அப்போதே செய்திகள் வெளியாயின. சிறிது நேரம் வந்து விரட்டிவிட்டுப் போனார்கள் என்ற கூற்றும் உண்டு. பின்னர் விசாரித்த அமெரிக்க அதிகாரி இவற்றில் சிலவற்றை ஏற்கவில்லை. எது எப்படியாயினும் ஏப்ரல் 12ஆம் தேதி அதிகாரிகள் திரும்பி வந்தபோது வாசலில் படை இல்லை. அன்றுமுதல் உலகச் செய்தியாளர்கள் உள்ளே வந்து போனார்கள். படை மட்டும் வரவில்லை. டாங்கிகள் அருங்காட்சியக வாசலுக்கு வந்தது ஏப்ரல் 16ஆம் தேதி.

இந்த நான்கு நாள் இடைவெளியைத்தான் ஆய்வாளர் உற்றுப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 10இல் சண்டை நடந்தது, ஆளைப் பிரித்தனுப்ப முடியவில்லை என்ற வாதத்துக்கு ஓரளவு இடம் உண்டு. கட்டடத்துக்குள் எதிரி இருக்கும்போது நுழைந்திருந்தால் டாங்கிக் குண்டுகளுக்கு இடையே சேதம் இன்னும் பெரிதாகியிருக்கும் என்று படைத்தரப்பு சொன்னது. அதையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் 12ஆம் தேதிக்கும் 16ஆம் தேதிக்கும் நடுவே இந்த வாதம் நிற்காது. அப்போது அங்கே சண்டையும் இல்லை, இரகசியமும் இல்லை. அதே இடைவெளியில், ஏப்ரல் 14ஆம் தேதி, தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் எரிந்தன. சமய அறநிலைய அமைச்சகத்தின் நூலகமும் அந்நாள்களிலேயே எரிந்தது. உதுமானியர் காலத்து ஆவணங்கள் சாம்பலாயின. வடக்கே மோசுல் அருங்காட்சியகமும் சூறையாடப்பட்டது. அருங்காட்சியகச் செய்தி உலகின் முதற்பக்கங்களில் வந்து இரண்டு நாள் ஆன பிறகு நூலகம் எரிந்தது என்றால், தகவல் கிடைக்காததே குறை என்று இனியும் சொல்ல வழியில்லை.

ஏப்ரல் 11ஆம் தேதி வாஷிங்டனில் செய்தியாளர்கள் கேட்டபோது, பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், விடுதலை என்பது ஒழுங்கற்றதுதான், இதெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்ற பொருளில் பேசினார். ஒரே ஆள் ஒரே குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், அந்த நாட்டில் அத்தனை குவளைகளா இருக்கின்றன என்று அவர் கேட்டபோது அறையில் சிரிப்பு எழுந்தது. அமெரிக்க அதிபரின் பண்பாட்டுச் சொத்து ஆலோசனைக் குழுவின் தலைவர் மார்ட்டின் சல்லிவன் அந்த மாதமே பதவி விலகினார். உறுப்பினர்கள் சிலரும் உடன் விலகினர்.

உள்ளே நடந்தவை மூன்று

சூறை என்ற ஒற்றைச் சொல் இங்கே கண்ணை மறைக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவின் கர்னல் மேத்யூ போக்டனோஸ், சொந்த வாழ்வில் நியூயார்க்கில் அரசுத்தரப்பு வழக்குரைஞர், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு சிறு குழுவோடு வந்து விசாரணையைத் தொடங்கினார். அந்த விசாரணை காட்டிய முக்கியமான செய்தி, அந்தக் கூரையின்கீழ் நடந்தது ஒரு திருட்டன்று, மூன்று திருட்டுகள் என்பது.

முதலாவது காட்சிக்கூடங்களில் நடந்தது. இங்கே போனவை சுமார் 40. எடுத்தவர்களுக்கு விலைமதிப்பு தெரிந்திருந்தது. ஹம்முராபி சட்டக் கல்லின் நகல் போன்ற அச்சுப்படிகளை அவர்கள் தொடவே இல்லை. கண்ணாடி அறுக்கும் கருவிகளும் உள்ளே கிடந்தன. லகாஷ் மன்னன் என்டெமெனாவின் தலையில்லாத கருங்கல் சிலையை, கி.மு. 2400 அளவில் செதுக்கியது, மாடியிலிருந்து பளிங்குப் படிக்கட்டு வழியாக உருட்டி இறக்கியிருக்கிறார்கள். உடைந்த படிகளே அதற்குச் சாட்சி. பஸ்ஸெட்கி என்ற இடத்தில் கிடைத்த, நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாத அக்காடியச் செப்புச் சிலையும் போயிற்று. போனவற்றுள் பெரும்பெயர் பெற்றது, உருக் நகரில் கிடைத்த வர்க்கா குவளை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், வயது 5,000 ஆண்டு. அடியில் நீரலை, அதன்மேல் பயிர், அதன்மேல் ஆட்டு மந்தை, அதற்கும்மேல் கூடைகளைச் சுமந்து வரிசையாகச் செல்லும் ஆடையற்ற ஆண்கள், உச்சியில் காணிக்கையை ஏற்கும் இனன்னா தெய்வத்தின் திருமுன். நீரிலிருந்து பயிர், பயிரிலிருந்து உயிர், உயிரிலிருந்து வழிபாடு என்று ஒரு சமூகம் தன்னைத் தானே அடுக்கிப் பார்த்துக்கொண்ட சித்திரம் அது. அதைப் பீடத்திலிருந்து பிடுங்கி எடுத்திருந்தார்கள்.

இரண்டாவது, மாடிகளில் இருந்த சேமிப்பு அறைகளில் நடந்தது. இங்கே கூட்டம் கைக்கு வந்ததை அள்ளியது. அலமாரித் தட்டுகளை வாரிப் பைகளில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். மதிப்புமிக்கதும் மதிப்பற்றதும் சேர்ந்து சுமார் 3,100 பொருள்கள் போயின. ஆனால் கதவுகள் உடைக்கப்படவில்லை, சாவியால் திறக்கப்பட்டிருந்தன.

மூன்றாவதே மிகக் கொடியது. நிலவறைச் சேமிப்பு அறைகளில் ஒரு மூலையை மட்டும் குறிவைத்து வந்திருக்கிறார்கள். செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்த வழியை உடைத்து நுழைந்து, வழியிலிருந்த மற்ற அறைகளை ஏறிட்டும் பார்க்காமல், நாணயங்களும் முத்திரைகளும் வைத்துப் பூட்டியிருந்த 30 இரும்பு அலமாரிகள் இருந்த இடத்துக்கே நேரே போயிருக்கிறார்கள். கையில் அலமாரிச் சாவிகள். மின்சாரம் இல்லை, பொருள்களைப் பொதியும் நுரைப்பஞ்சைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் நடந்திருக்கிறார்கள். அந்தப் பஞ்சு எரிந்தால் எழும் புகை மூச்சை அடைக்கும். அந்த இருட்டில் சாவிக்கொத்து கைதவறி விழுந்துவிட்டது. தேடித் தேடிக் கிடைக்காமல், ஆத்திரத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்த நூறு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்து, உள்ளிருந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். குப்பைக்கடியில் கிடந்த சாவிக்கொத்தை விசாரணைக் குழு பின்னர் கண்டெடுத்தது. அலமாரிகள் பூட்டியபடியே இருந்தன.

கவிழ்ந்த பெட்டிகளிலிருந்து போனவை ஏறக்குறைய 10,000. அவற்றில் பாதியளவு உருளை முத்திரைகள். உருளை முத்திரை என்றால் ஒரு விரலின் நுனிக்கணுவளவு கல். நடுவே நீளவாக்கில் துளை. மேற்பரப்பைச் சுற்றித் தலைகீழாகச் செதுக்கிய காட்சி. ஈரக் களிமண்ணில் உருட்டினால் தெய்வமும் அரசனும் சிங்கமும் வரிசையாக எழுந்து வரும். கடனுக்கும் விற்பனைக்கும் அதுவே கையொப்பம். கழுத்துக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொள்வார்கள். ஐயாயிரம் முத்திரைகளையும் ஒரே முதுகுப்பையில் போட்டுக்கொண்டு எல்லையைக் கடந்துவிடலாம். வர்க்கா குவளையை எவராலும் பகிரங்கமாக விற்க முடியாது, உலகமே அதை அறியும். ஒரு முத்திரையை விற்பவன் எங்கோ நிலத்தில் கிடைத்தது என்று சொன்னால் மறுப்பது எளிதன்று. தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து களவு போன ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் இருந்த பழைய நிழற்படம் எவ்வளவு கைகொடுத்தது என்பதை நினைத்தால், பெட்டியில் அடைந்துகிடந்த ஆயிரக்கணக்கான சிறு கற்களுக்கு அப்படி ஒரு படம் இருப்பதும் இல்லாததும் என்ன வேறுபாடு செய்யும் என்பது நமக்கு விளங்கும்.

மூன்று திருட்டுகளையும் பிரித்துப் பார்த்தால் தடுப்பதற்கான வழியும் பிரிகிறது. மாடி அறைகளில் புகுந்த கூட்டத்தை வாசலில் நின்ற ஒரு டாங்கியே திருப்பி அனுப்பியிருக்கும். காட்சிக்கூடத் திருடர்களையும் பெரும்பாலும் தடுத்திருக்கும். நிலவறைக்குச் சாவியோடு வந்தவர்கள் கட்டடத்தை நன்றாக அறிந்தவர்கள். உள்ளிருந்தோர் உதவியின்றி அது நடந்திருக்காது என்பதே விசாரணையாளரின் முடிவு. அவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் காவலற்ற ஓர் இரவு. அதை அவர்களுக்குக் கொடுத்தது வெளியே இருந்த வெற்றிடம்.

ஊழியர்கள் செய்தது

அருங்காட்சியகப் பணியாளர்கள் கைகட்டி நின்றார்கள் என்ற பேச்சு அந்நாள்களில் இருந்தது, அது அநியாயம். போருக்கு முந்திய வாரங்களில் காட்சிப்பெட்டிகளிலிருந்த 8,366 பொருள்களை எடுத்து, சிலர் மட்டுமே அறிந்த மறைவிடத்தில் வைத்துவிட்டார்கள். இடத்தை வெளியிடுவதில்லை என்று குர்ஆன்மீது சத்தியம் செய்திருந்தார்கள். விசாரணைக் குழு வந்து கேட்டபோதும் வாரக்கணக்கில் வாய்திறக்கவில்லை. செய்தியாளர்கள் பார்த்துப் பதறிய காலிப் பெட்டிகளில் பெரும்பாலானவை இவர்கள் கையால் காலியானவையே. நகர்த்த முடியாத புடைப்புச் சிற்பங்களுக்கு மணல் மூட்டையும் பஞ்சு மெத்தையும் வைத்தார்கள். நிம்ரூத் அரசியரின் கல்லறைகளிலிருந்து 1980களின் இறுதியில் எடுக்கப்பட்ட தங்க நகைகள் முந்தைய போரின் காலத்திலேயே மத்திய வங்கியின் நிலவறைக்குப் போயிருந்தன. அந்த நிலவறையில் தண்ணீர் நிறைந்துகிடந்தது. 2003 ஜூனில் தண்ணீரை இறைத்து முடித்துப் பெட்டிகளைத் திறந்தபோது நகைகள் அப்படியே இருந்தன. இந்த நிகழ்வில் முழுதாகப் பிழைத்த செல்வம் எது என்று பார்த்தால், காக்கும் பொறுப்பு இன்னாருடையது என்று பெயர் எழுதப்பட்டிருந்தவை மட்டுமே.

சட்டம் என்ன சொன்னது

1907 ஹேக் விதிகளின்படி, ஒரு நிலப்பகுதி எதிரிப்படையின் அதிகாரத்துக்குள் உண்மையில் வந்துவிட்டால் அங்கே பொது ஒழுங்கைக் காப்பது அந்தப் படையின் கடமை. 1954 ஹேக் உடன்படிக்கை இன்னும் வெளிப்படையானது: பண்பாட்டுச் சொத்தின் திருட்டையும் சூறையையும் தடைசெய்ய, தடுக்க, வேண்டுமானால் நிறுத்த உறுப்பு நாடுகள் பொறுப்பேற்கின்றன. இராக் அதில் 1967 முதல் உறுப்பினர். அமெரிக்காவும் பிரிட்டனும் 1954இலேயே கையெழுத்திட்டிருந்தும் 2003இல் இரண்டுமே அதற்கு ஏற்புறுதி அளித்திருக்கவில்லை. அதே உடன்படிக்கையின்படி அருங்காட்சியகத்தைப் போர்நிலையாகப் பயன்படுத்தியது இராக்கியத் தரப்பின் மீறல்; இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சட்ட வாதத்தில் கவனிக்கத்தக்க இடம், ஏப்ரல் 10 முதல் 12 வரை பாக்தாத் ஆக்கிரமிக்கப்பட்ட நகரமா, இன்னும் போர்க்களமா என்பதுதான். போர்க்களம் என்றால் கடமை தளர்கிறது. ஆக்கிரமிப்பு என்றால் இறுகுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல்நிற வாரம் எப்போதும் இருக்கும். சூறை நடப்பதும் அந்த வாரத்தில்தான். உடன்படிக்கை இதை முன்பே உணர்ந்திருந்ததாகத் தோன்றுகிறது; ஆயுதப்படைகளுக்குள்ளேயே பண்பாட்டுச் சொத்துக்கான வல்லுநர்களை அமைதிக் காலத்திலேயே நியமிக்க அதன் ஏழாம் பிரிவு சொல்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையிலேயே அப்படி ஒரு பிரிவு இருந்தது. அருங்காட்சியகக் காப்பாளர்களும் கலை வரலாற்றாளர்களும் சீருடையில் முன்னணிப் படைகளோடு சென்றார்கள். 2003இல் அந்தப் பணியிடம் நடைமுறையில் காலியாக இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தெரிந்திருந்த ஒரு வேலையை நிறுவனம் மறந்துபோனது என்பதைவிட அறியாமை என்று சொல்வது எளிது, ஆனால் பொருந்தாது.

சூறையைத் தடுக்க வீரனுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கணினித் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஏழையைச் சுட எந்த நியாயமான விதியும் இடம் தராது, தரவும் கூடாது. கூட்டத்தைக் கலைக்கும் பயிற்சியும் கருவியும் டாங்கிப் பிரிவுகளிடம் இல்லை. அது காவல்துறையின் வேலை, காவல்துறையோ ஒரே இரவில் கரைந்துபோயிருந்தது. நகரைப் பிடிக்கத் தேவையான படை எவ்வளவு என்று கணக்கிட்டவர்கள், பிடித்த நகரில் ஒழுங்கு காக்கத் தேவையான படை எவ்வளவு என்று கணக்கிடவில்லை. குறை அங்கே நின்ற வீரனுடையது என்பதை ஏற்க எனக்கு மனமில்லை.

மண்மேடுகளில்

கேமராக்கள் பாக்தாத்தில் நின்றபோது தெற்கே மண்வெட்டிகள் ஓய்வின்றி வேலை செய்தன. உம்மா, இசின், அதாப், சபாலம் ஆகிய சுமேரிய நகரங்களின் மேடுகள், குழிமேல் குழியாகத் தோண்டப்பட்டு, வானிலிருந்து பார்த்தால் அம்மைத் தழும்பேறிய முகம்போல ஆயின. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தொல்லியல் அறிஞர் எலிசபெத் ஸ்டோன் 2008இல் வெளியிட்ட ஆய்வு, சூறைக்குழிகளின் மொத்தப் பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கிட்டது. அருங்காட்சியகத்திலிருந்து போன பொருளுக்குப் பதிவெண்ணாவது இருந்தது. மேட்டிலிருந்து போனது எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பது இனி எவருக்கும் தெரியாது. பாபிலோனில் கூட்டணிப் படையே முகாமிட்டது. அகழிகள் வெட்டினார்கள், பழைய செங்கல் பாவிய ஊர்வலப் பாதையில் கனரக வண்டிகள் ஓடின, ஓட்டுச் சில்லுகள் கலந்த மண்ணை அள்ளி மணல் மூட்டைகளில் நிரப்பினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் கர்ட்டிஸ் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை இவற்றைப் பதிவு செய்திருக்கிறது.

திரும்பி வந்தவை

மீட்பில் முதலில் பலித்தது, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வோம் என்ற அறிவிப்பு. பள்ளிவாசல்களிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லி அனுப்பினார்கள். மக்கள் பைகளில் சுற்றி எடுத்து வந்தார்கள். ஜூன் 12ஆம் தேதி மூன்று பேர் ஒரு காரில் வந்து, பின்பெட்டியிலிருந்து போர்வையில் சுற்றிய வர்க்கா குவளையைத் துண்டுகளாக இறக்கிவிட்டுப் போனார்கள். களவு போனவற்றுள் ஒன்றான, உருக் நகரப் பெண்ணின் பளிங்கு முகம் செப்டம்பரில் ஒரு பண்ணை நிலத்தில் புதைத்து வைக்கப்பட்டிருந்த இடத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. நவம்பரில் பஸ்ஸெட்கி சிலை ஒரு கழிவுநீர்க் குழியிலிருந்து, மசகு பூசிய நிலையில் வெளியே வந்தது. என்டெமெனா சிலை அமெரிக்கா வரை போய் 2006இல் பிடிபட்டது. பாக்தாத் வந்து சேர 2010 ஆயிற்று. புகழ்பெற்றவை பெரும்பாலும் வந்துவிட்டன. முத்திரைகள் அப்படி வரவில்லை. களவு போன 15,000இல் பல ஆயிரம் இன்னும் வெளியே இருக்கின்றன.

சந்தையின் பக்கம் ஒரு விதி பயன்பட்டது. 2003 மே 22இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1483ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் 6க்குப் பின் முறைகேடாக வெளியேறிய இராக்கியத் தொல்பொருள்களின் வணிகத்தைத் தடைசெய்ய எல்லா நாடுகளையும் பணித்தது. அதை நடைமுறைப்படுத்திய பிரிட்டன், பொருள் களவானது என்று தெரியாது என நிரூபிக்கும் சுமையை வைத்திருப்பவர்மீதே ஏற்றியது. அமெரிக்காவில் கைவினைப் பொருள் கடைகள் நடத்தும் ஹாபி லாபி நிறுவனம் வாங்கிக் குவித்த ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளும் முத்திரைகளும் 2017இல் 30 லட்சம் டாலர் தண்டத்தோடு பறிபோயின. 2021இல் அமெரிக்காவிலிருந்து ஒரே ஆண்டில் சுமார் 17,000 பொருள்கள் இராக்குக்குத் திரும்பின. மெசபடோமியரின் கில்கமேஷ் காவியத்தின் கனவுப் பகுதி எழுதிய ஏடும் அவ்வாண்டே ஒப்படைக்கப்பட்டது. இவற்றுள் பெரும்பகுதி அருங்காட்சியகத்திலிருந்து போனவை அல்ல, மேடுகளிலிருந்து போனவை என்று கருதப்படுகிறது.

அமெரிக்கா 1954 உடன்படிக்கைக்கு 2009இல் ஏற்புறுதி அளித்தது, பிரிட்டன் 2017இல். நடுவே, 2007இல், தொல்பொருள்களின் படமும் எச்சரிக்கையும் அச்சிட்ட சீட்டுக்கட்டுகள் அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்பட்டன. ஓய்வு நேரத்தில் சீட்டாடும் வீரனின் கையில் ஒரு மெசபடோமியச் சிலை இருந்தால் மேட்டில் வண்டி ஓட்டுமுன் யோசிப்பான் என்பது எண்ணம். எளிய முயற்சிதான், ஆனால் செய்தி களத்தில் நிற்பவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை 2003 மார்ச்சின் குறிப்பை எழுதியவர்களைவிட இதைச் செய்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

டோனி ஜார்ஜ் பின்னர் அருங்காட்சியகத்துக்கும் தொல்பொருள் வாரியத்துக்கும் தலைமை ஏற்றார். 2006இல் பாக்தாத் மீண்டும் தீப்பற்றி எரிந்தபோது, இம்முறை எவரிடமும் காவல் கேட்டு நிற்காமல், அருங்காட்சியகக் கதவுகளைக் கான்கிரீட் சுவர் எழுப்பி அடைத்தார். அதே ஆண்டு குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார். 2011இல் கனடாவில் காலமானார். அருங்காட்சியகம் பொதுமக்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டது 2015 பிப்ரவரியில்.